வெள்ளைத்துரையின் செருப்பு

"இன்னும் எத்தனை நாளைக்கு மேடம் என்னை வாசல்லயே நிக்க வைக்கப் போறீங்க?"

டாக்டர் வெள்ளைத்துரை இப்படித்தான் ஆரம்பித்தார். மரியாதை எல்லாம் அந்த 'மேடம்' என்ற சொல்லோடு சரி. குரலில் இல்லை.

டாக்டர் செலின் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க அண்ணாச்சி."

"உக்காந்து பாத்தாச்சு. பக்கத்துல நின்னு பாத்தாச்சு. நீங்க லேசர் போடுறதை வேடிக்கை பாக்கவா நான் கோவில்பட்டியில ஆஸ்பத்திரியைப் பூட்டிட்டு வந்தேன்?"

அவர் உட்காரவில்லை. ஜன்னலுக்குப் போனார், கதவுக்கு வந்தார், மறுபடி ஜன்னலுக்குப் போனார். நடக்கும்போது அவருடைய செருப்பில் ஒன்று மட்டும் தரையில் சரட் சரட்டென்று உரசியது. அது அவர் காதில் விழுந்ததே இல்லை. செலின் காதில் தினமும் விழுந்துகொண்டிருந்தது.

கோவில்பட்டியில் வெள்ளைத்துரை கை வைக்காத கண்புரை கிடையாது. அந்த ஊர்க் கிழவர்களில் பாதிப் பேர் அவர் வைத்த லென்சில்தான் பேரன் பேத்தி முகம் பார்க்கிறார்கள். ஆனால் இப்போது வருகிறவர்கள் இளவட்டங்கள். கண்ணாடியைத் தூக்கி எறிய வேண்டும் என்கிறார்கள். லேசர் இருக்கிறதா என்கிறார்கள். இல்லை என்றால் தூத்துக்குடிக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள்.

அதனால் அவரும் பஸ் ஏறினார்.

லேசர் கற்றுக்கொள்ள வேறு இரண்டு மூன்று இடங்களில் கேட்டுப் பார்த்தார். வயசைக் கேட்டார்கள். பிறகு சொல்கிறோம் என்றார்கள். செலின் வயசைக் கேட்கவில்லை, "வாங்க அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னார். அதற்கும் சேர்த்து அவருக்குக் கோபம்.

ஏனென்றால் கல்லூரியில் செலின் அவருக்கு ஜூனியர்.

ஜூனியரிடம் படிப்பது ஒன்றும் குற்றமில்லை. ஆனால் இந்த ஜூனியர் சிரித்தவள்.

அது நடந்தது பெரியாஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டரில். ஒரு பெரியவருக்கு இடது கண்ணில் புரை எடுக்க வேண்டும். மேஜைக்கு வந்திருந்ததோ வலது கண்ணுக்கு அளவெடுத்த லென்ஸ். அளவுத் தாளை மாற்றி வைத்தது வேறு ஆள். கடைசி நிமிஷத்தில் தெரிந்துவிட்டது, பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தலைமை டாக்டரான சீஃப் கையில் அகப்பட்டது வெள்ளைத்துரைதான்.

"வலது எது, இடது எதுன்னு தெரியாதவனெல்லாம் டாக்டர்!"

அத்தனை பேர் முன்னாலும் கத்தினார். நர்சுகள் சுவரைப் பார்த்தார்கள். வெள்ளைத்துரை தலையைத் தொங்கப் போட்டுத் தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அமைதியில் ஒரே ஒருத்திக்கு மட்டும் களுக்கென்று சிரிப்பு வந்தது.

செலின்.

சீஃப் இறந்துபோன அன்று வெள்ளைத்துரை மாலை வாங்கிக்கொண்டு போனார். மாலையை வாசலில் நின்றவர் கையில் கொடுத்துவிட்டு, முகம் பார்க்காமல் திரும்பி வந்தார். அப்பேர்ப்பட்ட மனுஷன்.

தியேட்டரில் திட்டு வாங்கிய நாளிலிருந்தே வெள்ளைத்துரை ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். அவர் மேஜையில் ஒரு நேரத்தில் ஒரு கண்ணின் தாள்தான் இருக்கும். வலது கண்ணைப் பார்க்கும்போது இடது கண்ணின் தாள் அலமாரிக்குள். இடது கண்ணை எடுத்தால் வலது உள்ளே போய்விடும். ஒரு கண்ணைப் பார்க்கிற வரைக்கும் அந்த ஆளுக்கு இன்னொரு கண்ணே கிடையாது. இந்த வழக்கத்தால் அதன்பின் ஒரு பிசகு நடந்ததில்லை. அதை அவர் பெருமையாகச் சொல்வார். நியாயமான பெருமைதான்.

செலின் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"வெளிய ஒரு பொண்ணு உக்காந்திருக்கு. இசக்கியம்மாள்னு பேரு. நீங்களே பாருங்க. லேசர் போடலாமா கூடாதான்னு நீங்களே சொல்லுங்க."

"போடலாம்னு சொன்னா?"

"நீங்களே போடுங்க."

ஜன்னலுக்குப் போய்க்கொண்டிருந்தவர் பாதியில் நின்றார்.

"நிசமாவா?"

"நான் என்னைக்கு அண்ணாச்சி உங்ககிட்ட விளையாடியிருக்கேன்?"

அவர் மனசுக்குள் அதற்கு ஒரு பதில் இருந்தது.

*

இசக்கியம்மாள் உட்கார்ந்திருக்கவில்லை. லேசர் பகுதிக்கு வெளியே, செருப்பு வைக்கிற அலமாரிக்குப் பக்கத்தில், குதிகாலைத் தூக்கித் தூக்கி ஆடிக்கொண்டிருந்தாள். கபடிக்காரி. முழங்கையில் பழைய சிராய்ப்புகள்.

"சார், எப்ப சார் போடுவீய?"

"இரு பிள்ள. முதல்ல பாக்கணும்."

"மேடமும் பாக்கணும்னாங்க, நீங்களும் பாக்கணுங்கிய. எல்லாரும் பாத்துக்கிட்டே இருக்கிய. அடுத்த மாசம் மாநில டீமுக்கு ஆள் எடுக்காங்க சார்."

"கண்ணாடி போட்டுக்கிட்டு ஆடினா என்ன?"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க கபடி பாத்திருக்கியளா சார்?"

"டிவியில பாத்திருக்கேன்."

"கண்ணாடி போட்டு யாராவது ரெய்டு வந்திருக்காங்களா?"

"இல்ல."

"பொறவு என்ன? காண்டாக்ட் லென்சு போட்டா மொதல் பிடியிலயே தெறிச்சு விழுந்துரும். கண்ணாடி இல்லாம போனா போனஸ் கோடு தெரியாது. கோச்சு திட்டுதாரு. எங்கம்மா கம்மலை வித்து அனுப்பியிருக்கா சார்."

பேசிக்கொண்டே இடது கையை மடக்கி, விரல் முட்டியால் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். கபடி மைதானத்தில் புழுதி அதிகம் போலிருக்கிறது என்று வெள்ளைத்துரை நினைத்தார். அதற்கு மேல் நினைக்கவில்லை.

செருப்பைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

*

கருவிழியை அளக்கிற மெஷின் ஒரு கண்ணுக்கு ஒரு தாள் அடித்துத் தரும். கண்ணாடி போல இருக்கிற அந்தச் சின்ன வட்டத்தின் மேடு பள்ளத்தை நிறத்தில் காட்டும். மேடு கூடினால் மஞ்சள், இன்னும் கூடினால் சிவப்பு. பக்கத்தில் வளைவு எவ்வளவு, தடிமன் எவ்வளவு என்று எண்கள். எண் எல்லைக்குள் இருந்தால் ஒரு பச்சைப் புள்ளி.

லேசர் என்பது அந்தக் கருவிழியைச் சீவுவது. சீவினால் மெலியும். நல்ல கருவிழி தாங்கும். ஆனால் சில பேருக்கு அது உள்ளுக்குள் தானாகவே மெலிந்துகொண்டு வரும். மெலிந்து மெலிந்து கூம்பு மாதிரி முன்னால் பிதுங்கும். கெரட்டோகோனஸ் என்பார்கள். தொடக்கத்தில் அது ஒளிந்துகொண்டிருக்கும். தெரியாமல் அதன் மேல் லேசரை வைத்துவிட்டால் அந்தக் கண்ணைப் பிறகு பிடித்து நிறுத்த முடியாது. கடைசியில் செத்தவர் கண்ணுக்குக் காத்திருக்க வேண்டிவரும்.

இதெல்லாம் வெள்ளைத்துரைக்குத் தெரியும்.

வலது கண்ணின் தாளை மேஜையில் வைத்தார். இடது கண்ணின் தாளை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். வளைவு எல்லைக்குள். தடிமன் எல்லைக்குள். கீழ்ப்பக்கம் கொஞ்சம் மஞ்சள், அது எல்லாருக்கும் இருப்பதுதான். பச்சைப் புள்ளி. நல்ல கண்.

வலதை உள்ளே போட்டார். இடதை எடுத்தார். வளைவு எல்லைக்குள். தடிமன் எல்லைக்குள். கீழ்ப்பக்கம் மஞ்சள். பச்சைப் புள்ளி. நல்ல கண்.

செலின் அறைக்குப் போனார். செருப்பு போட மறந்து வெறுங்காலோடு போனார், அவ்வளவு அவசரம்.

"போடலாம் மேடம்."

"ரெண்டு கண்ணுமா?"

"ரெண்டும் நல்ல கண்ணு."

"யாரைப் பாத்துச் சொல்றீங்க?"

"எல்லையைப் பாத்துத்தான்."

"எல்லை யாரோடது?"

இதென்ன விடுகதை என்று அவருக்கு எரிச்சல் வந்தது. "ஊர் உலகத்துல ஆயிரக்கணக்கான பேரை அளந்து வச்ச எல்லை மேடம். அதுக்குள்ள இருந்தா நல்ல கண்ணு. புஸ்தகத்துல இருக்கு."

"ஊர் உலகத்தைப் பாத்துட்டீங்க," என்றார் செலின். "சரி. இன்னொருக்கா பாத்துட்டு வாங்க."

அவர் போனார். பார்த்தார். ஒன்று மேஜையில், ஒன்று இழுப்பறைக்குள். இந்தத் தடவை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். நல்ல கண். நல்ல கண்.

வெளியே இசக்கியம்மாள் கதவைத் தட்டினாள்.

"சார், தலைக்குத் தொப்பி குடுத்துட்டாங்க. போட்டுக்கிடவா?"

"போட்டுக்கோ."

"நீங்கதான் லேசர் போடப் போறியளா, மேடமா?"

"நான்தான்."

"கை நடுங்காதுல்லா?"

"ஓடு பிள்ள அந்தப் பக்கம்!"

அவள் சிரித்துக்கொண்டு ஓடினாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. கையை நீட்டிப் பார்த்துக்கொண்டார். நடுங்கவில்லை.

*

கதவு திறந்தது. செலின் வந்தார். கையில் எதையோ தொங்கவிட்டுப் பிடித்திருந்தார்.

அதைக் கொண்டுவந்து மேஜை மேல், வெள்ளைத்துரையின் முகத்துக்கு நேராக வைத்தார்.

செருப்பு. ஒற்றைச் செருப்பு. இடது கால்.

"இது யாரோடது அண்ணாச்சி?"



"என்னோடது."

"எப்படி இருக்கு?"

"செருப்பு மாதிரி இருக்கு."

"நல்லாருக்கா?"

"பழசு. பழைய செருப்பு தேயத்தானே செய்யும்."

செலின் அதை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் வலது கால் செருப்பு. அதை அதே இடத்தில் வைத்தார்.

"இது?"

"இதுவும் பழசு."

"நல்லாருக்கா?"

அவ்வளவுதான். வெள்ளைத்துரை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"என்ன நினைச்சுட்டிருக்கீங்க மேடம்? மேஜையில செருப்பைத் தூக்கி வைக்கிறீங்க. நான் உனக்கு சீனியர். ஞாபகம் இருக்கட்டும்."

"ஞாபகம் இருக்கறதாலதான் என் கையால எடுத்துட்டு வந்தேன்."

"அன்னைக்கு சிரிச்ச. இன்னைக்கு செருப்பு. இன்னும் என்ன பாக்கி இருக்கு?"

செலின் கதவை நன்றாகத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

அவர் செருப்பைப் பறித்துக்கொண்டு வெளியே வந்தார். அலமாரியில் கிடந்த இடது கால் செருப்பையும் எடுத்துக்கொண்டார். அங்கேயே போட்டுக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் இன்னொரு நிமிஷம் குனிந்து நிற்க அவருக்கு மனசில்லை. இரண்டையும் கையில் பிடித்தபடியே வராந்தாவைக் கடந்தார்.

"சார், எங்க போறிய?"

தொப்பியும் பச்சை அங்கியுமாக இசக்கியம்மாள் பெஞ்சில் இருந்தாள். ஒரு காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"பஸ்ஸுக்கு."

"அப்ப என் கண்ணு?"

அவர் படியில் இறங்கினார். கடைசிப் படியில் உட்கார்ந்தார். கைக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று இரண்டு செருப்பையும் அடியோடு அடி சேர்த்து வைத்தார்.

சேரவில்லை.

திருப்பி வைத்துப் பார்த்தார். முன்பக்கம் ஒட்டியது. குதிகால் ஒட்டவில்லை. நடுவில் ஒரு விரல் போகிற இடைவெளி. இடது செருப்பு மட்டமாகத் தேய்ந்திருந்தது. வலது செருப்பு வெளிப்பக்கமாக மட்டும் அறுத்து எடுத்த மாதிரி போயிருந்தது.

அவர் வலது முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். வீட்டில் கேட்டபோதெல்லாம், "காலுக்கு ஒண்ணுமில்ல, நீ உன் சோலியைப் பாரு" என்று சொன்ன கால்தான்.

மறுபடியும் செருப்பைப் பார்த்தார்.

பிறகு இரண்டையும் படியிலேயே போட்டுவிட்டு எழுந்து ஓடினார். ஓடும்போது வலது கால் இழுத்தது. அது இப்போது அவருக்குத் தெரிந்தது.

*

அறையில் செலின் இல்லை. வெள்ளைத்துரை மேஜை மேல் கிடந்த தாளை எடுத்தார். இழுப்பறையைத் திறந்து இன்னொரு தாளை எடுத்தார்.

இரண்டு தாளையும் ஒரே நேரத்தில் கையில் பிடித்தபோது சீஃப் குரல் காதில் கேட்டது. ஒன்றைக் கீழே வைத்துவிடலாமா என்று கூட இருந்தது.

வைக்கவில்லை.

ஜன்னலுக்குப் போனார். வலது கண்ணின் தாளைக் கண்ணாடியில் ஒட்டவைத்துப் பிடித்தார். செருப்பைச் சேர்த்த மாதிரியே இடது கண்ணின் தாளைத் திருப்பி, முதுகு தன் பக்கம் வரும்படி, அதன் மேல் வைத்தார். வெயில் இரண்டு தாளையும் ஊடுருவிக்கொண்டு வந்தது.

வட்டத்தின் மேல் வட்டம் உட்கார்ந்தது. மேல்பக்கம் ஒட்டியது.

கீழ்ப்பக்கம் ஒட்டவில்லை.

வலது கண்ணின் மஞ்சள் சின்னதாக, நடுவில் இருந்தது. இடது கண்ணின் மஞ்சள் அதைத் தாண்டி ஒரு பக்கமாகச் சரிந்து இறங்கியிருந்தது.

தாள்களை மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தடிமன்: வலது ஐநூற்று முப்பத்திரண்டு. இடது ஐநூறு. இரண்டுக்கும் பச்சைப் புள்ளி. வளைவு: வலது நாற்பத்து நாலு. இடது நாற்பத்தாறு. இரண்டுக்கும் பச்சைப் புள்ளி.

ஒரே தாய் வயிற்றில், ஒரே முகத்தில், ஒரே நாளில் உண்டான இரண்டு கண். அதில் இடது மட்டும் மெலிந்து இறங்கத் தொடங்கியிருந்தது.

அவர் கை இப்போதுதான் நடுங்கியது.

*

வராந்தாவில் இசக்கியம்மாள் முட்டியால் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். இடது கையால். இடது கண்ணை. மிளகாய் அரைக்கிற மாதிரி.

"எந்திரிக்கவா சார்?"

வெள்ளைத்துரை அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். அவள் கையைப் பிடித்துக் கண்ணிலிருந்து இறக்கினார்.

"லேசர் கிடையாது பிள்ள."

"இன்னைக்கா?"

"என்னைக்கும்."

அவள் ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது.

"ரெண்டும் நல்ல கண்ணுன்னு மேடம்கிட்ட சொன்னியளே. நான் கதவுக்கிட்டதான் நின்னேன்."

"சொன்னேன்."

"பொறவு?"

"தப்பாச் சொன்னேன்."

"எங்கம்மா கம்மலை வித்துட்டா சார்!"

அவள் தொப்பியைக் கழற்றி அவர் மடியில் எறிந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "கை நடுங்கும்னு பயந்துட்டிய, அதான்," என்றாள். "பெரிய டாக்டரு. பயந்தாங்கொள்ளி."

"ஆமா," என்றார் வெள்ளைத்துரை. "பயந்துட்டேன்."

அவள் கை மறுபடி கண்ணுக்குப் போனது. அவர் மறுபடி பிடித்து இறக்கினார். மறுபடி போனது. மறுபடி இறக்கினார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் இதையே செய்துகொண்டிருந்தார்கள். கபடியில் கூட அவள் கையை யாரும் அவ்வளவு நேரம் பிடித்து வைத்ததில்லை.

"விடுங்க சார், அரிக்குது."

"எவ்வளவு நாளா அரிக்குது?"

"சின்னப் பிள்ளையில இருந்தே."

"கசக்கக் கசக்க அந்தக் கண்ணு இன்னும் மெலியும். முதல்ல அதுக்கு மருந்து. அப்புறம் மூணு மாசம் கழிச்சு ரெண்டு கண்ணையும் மறுபடி அளக்கணும். இடது கண்ணு இன்னும் இறங்கியிருந்தா அதைப் பிடிச்சு நிறுத்த ஒரு வைத்தியம் இருக்கு. பிடிச்சு நிறுத்தலாம். லேசர் போட்டிருந்தா நிறுத்த முடியாது."

"ஆட முடியுமா?"

"பெருசா ஒரு லென்சு இருக்கு. இமைக்குள்ள போய் உக்காந்துக்கும், லேசுல தெறிக்காது. மேடம்கிட்ட கேட்டுச் சொல்றேன்."

"நீங்க சொல்றதை எல்லாம் நான் நம்பணுமாக்கும்," என்றாள். ஆனால் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

*

சாயங்காலம் படியில் கிடந்த செருப்புகளை யாரோ ஜோடியாக எடுத்து அலமாரியில் வைத்திருந்தார்கள். வெள்ளைத்துரை போட்டுக்கொண்டு செலின் அறைக்கு வந்தார். சரட் சரட்.

செலின் அவருக்கும் ஒரு டீ சொல்லியிருந்தார்.

"நாளைக்குக் காலையில ஒரு பையன் வர்றான் அண்ணாச்சி. நானும் பாத்துட்டேன், ரெண்டு தாளும் அச்சா ஒண்ணு மேல ஒண்ணு உக்காருது. நீங்களே போடுங்க."

வெள்ளைத்துரை முதல் தடவையாக அந்த அறையில் உட்கார்ந்தார். டீயை எடுத்தார். குடிக்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"அன்னைக்கு ஏன் சிரிச்ச?"

எந்த அன்னைக்கு என்று செலின் கேட்கவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அவருக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"வலது எது இடது எதுன்னு தெரியாதான்னு சீஃப் உங்களைப் போட்டு அந்தக் கத்து கத்துறாரு. அவரும் பாக்கல, நர்சுங்களும் பாக்கல. குவியல்ல கிடந்த தியேட்டர் செருப்பை அவசரத்துல மாட்டிட்டு வந்திருந்தீங்க அண்ணாச்சி. ரெண்டும் இடது கால்."

வெள்ளைத்துரை குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"குனிஞ்சுதானே நின்னேன்," என்றார்.